சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு வந்த இரண்டு நாய்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்க் குடும்பம் 2024ஆம் ஆண்டில் இரண்டு நாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. முதலாவது, காசு கொடுத்து வாங்கிய ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. இரண்டு வாரம்கூட உயிரோடு இல்லை. இரண்டாவது, காப்பகத்திலிருந்து தத்தெடுத்த, என்ன ஜாதி என்று சொல்ல முடியாத பெண் நாய். இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

தத்தெடுக்க விண்ணப்பிப்பவர்களின் வீட்டை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கும் வேலையை ஒரு விலங்குக் காப்பகத்துக்காகத் தன்னார்வமாகச் செய்துவருகிறேன். இரண்டாவது நாய்க்காக இந்த வீட்டைப் பார்க்கப் போனது நான்தான். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள்; நாயின் பெயரை மட்டும் போடலாம் என்று வீட்டுச் சிறுமி அனுமதி கொடுத்தாள். மணி.

காப்பக நாயை எடுத்தால் புண்ணியம் என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. புண்ணியத்துக்காக எடுத்த நாயை ஆறாம் மாதம் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களும் உண்டு. அதனால் இந்த வீட்டுக் கதையில் நான் பார்க்க விரும்புவது வேறொன்று. முதல் நாய் வந்தபோது யார் என்ன கேட்டார்கள், இரண்டாவது நாய் வந்தபோது யார் என்ன கேட்டார்கள் என்பதை.

வீடும் தேவையும்

சாட்ஸ்வொர்த்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியர்களுக்காக 1960களில் கட்டிய ஊர் அது. மேடும் பள்ளமுமான நிலம், இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவில் ஒரே சுவர். முற்றம் என்பது வீட்டைச் சுற்றி ஒரு குறுகலான நடை, பின்னால் துணி காயப்போட ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நாய் இருமினால் இந்த வீட்டில் கேட்கும்.

வீட்டில் நான்கு பேர். எழுபது வயதைத் தாண்டிய ஆயா, அவருடைய மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். 2023 கடைசியில் ஒரு நாள் மதியம், ஆயா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, சமையலறை ஜன்னலை நெம்பிக்கொண்டு திருடர்கள் உள்ளே வந்துபோனார்கள். ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவரைத் தனியாக விட்டுப்போக யாருக்கும் மனம் வரவில்லை. நாய் வேண்டும் என்ற பேச்சு அன்றுதான் தொடங்கியது.

நாய் என்றால் ஜெர்மன் ஷெப்பர்ட் என்பது மகனின் எண்ணம். நம் ஆட்கள் பலருக்கும் அப்படித்தான். கேட்டில் கட்டாயம் ஜாதி நாய் நிற்க வேண்டும், பார்த்தாலே பயம் வர வேண்டும்.

முதல் நாய்

இணையத்தில் வந்த விளம்பரம். "பேப்பர் உண்டு, எட்டு வாரம், தடுப்பூசி போட்டாச்சு." பேப்பர் என்றால் ஜாதிச் சான்றிதழ். விலை 4,000 ராண்டுக்கு மேல். விற்பவர் தன் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. ஒரு பெட்ரோல் பங்க் கார் நிறுத்துமிடத்தில் சந்தித்தார்கள். தாய் நாயைப் பார்க்க முடியுமா என்று மருமகள் கேட்டிருக்கிறார். தூரம், வேலை இருக்கிறது, படம் அனுப்புகிறேன் என்று பதில். படம் வந்தது. அழகான நாய்தான். அது அந்தக் குட்டியின் தாய்தானா என்று சொல்ல வழியில்லை.

விற்றவர் இந்தக் குடும்பத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று: பணமா, வங்கியில் போடுகிறீர்களா?

மூன்றாம் நாள் குட்டி சாப்பிடவில்லை. நான்காம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கால்நடை மருத்துவர் பரிசோதனை செய்து, பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, இதற்கு எட்டு வாரம் ஆகவில்லை, ஐந்தோ ஆறோதான் இருக்கும் என்றும் சொன்னார். பால் பற்கள் எல்லாம் முளைத்து முடிய ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும். இதற்குப் பின்பற்கள் இன்னும் சரியாக வெளியே வரவில்லை.

தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். நீல மையில் இரண்டு தேதிகள் எழுதியிருந்தன. வேறொன்றும் இல்லை. உண்மையான அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிறு லேபிள் இருக்கும், அதில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும், பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தோ முத்திரையோ இருக்கும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் போதாது. குட்டி வாங்கப் போகிறவர்கள் வேறெதைப் பார்க்காவிட்டாலும் அந்த லேபிளைப் பாருங்கள்.

பார்வோவுக்கு, டிரிப் ஏற்றி நீரிழப்பைத் தடுத்து, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி புகாமல் பார்த்துக்கொண்டு, குட்டியின் உடம்பு தானாகப் போராடி மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வழக்கமான சிகிச்சை. சீக்கிரம் கொண்டுபோய் முழுச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலானவை இறந்துபோகும். இந்தக் குட்டி வயதுக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது, ஏற்கனவே வயிற்றில் புழு. மருத்துவமனையில் சில நாள் இருந்து இறந்தது. மருத்துவமனைப் பில் குட்டியின் விலையைத் தாண்டிவிட்டது. சிறுமி ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் யாருடனும் பேசவில்லை என்று அவள் அம்மா சொன்னார்.

விற்றவரின் தொலைபேசி அணைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரமாக விற்பவர் கொடுக்கும் பொருள் குறையுள்ளதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பெயர் தெரியாத, முகவரி இல்லாத ஆளிடம் அந்தச் சட்டத்தை எங்கே கொண்டுபோய் நீட்டுவது? தாய் இருக்கும் இடத்துக்கு வரவிடாத ஆளிடம் வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணில் தங்கிய நோய்

குட்டி இறந்த துக்கத்தில் மகன் உடனே இன்னொரு குட்டி வாங்கிவிடலாம் என்று நினைத்தார். மருத்துவர் தடுத்தார். என் பார்வையில் இந்த முழு நிகழ்விலும் மிக முக்கியமான அறிவுரை அதுதான்.

பார்வோ வைரஸ் சாதாரணமாகச் சாகாது. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் மாதக்கணக்கில், நிழலான ஈரமான இடமென்றால் ஒரு வருடத்துக்கும் மேல், உயிர்ப்போடு இருக்கும். சாதாரண சோப்பும் வாசனைக் கிருமிநாசினியும் அதை ஒன்றும் செய்யாது. சிமெண்ட் தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ஜிக் போன்ற பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் கொல்லலாம். புல்லையும் மண்ணையும் அப்படிக் கழுவ முடியாது. அந்தக் குட்டி ஓடியதோ துணி காயப்போடும் அந்தத் துண்டு நிலத்தில்.

இன்னொரு சிக்கல், குட்டிகளுக்குத் தடுப்பூசி ஒரே ஊசியில் முடிவதில்லை. தாய்ப்பாலிலிருந்து வந்த எதிர்ப்பு சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தேயும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு வாரத்திலிருந்து பதினாறு வாரம்வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நடுவில் ஒரு இடைவெளி வருகிறது: தாயின் சக்தி தீர்ந்திருக்கும், ஊசியின் சக்தி இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் இருக்கும் குட்டியை இந்த முற்றத்தில் விட்டால் அதே கதைதான் திரும்பும்.

ஆகவே மருத்துவர் சொன்னது: இன்னும் ஒரு வருடம் இந்த வீட்டுக்குக் குட்டி வேண்டாம். நாய் கட்டாயம் வேண்டுமென்றால், தடுப்பூசி எல்லாம் முடிந்த, வளர்ந்த நாயாகப் பாருங்கள். வளர்ந்த, தடுப்பூசி முடிந்த, உடனே கிடைக்கும் நாய் வேறெங்கே இருக்கிறது? காப்பகத்தில்தான். அந்தக் குடும்பம் எங்கள் வாசலுக்கு வந்தது இரக்கத்தால் அல்ல, மண்ணில் இருந்த வைரஸால். இதைச் சொல்ல அவர்களுக்கும் கூச்சமில்லை, எனக்கும் இல்லை.

காப்பகத்தின் கேள்விகள்

ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த பிறகு வந்தார்கள். வந்ததும், போயர்போல் என்ற பெரிய காவல் நாய் ஜாதியின் கலப்பு ஆண் நாய் ஒன்று மகனின் கண்ணில் பட்டது. பெரிய தலை, அகன்ற மார்பு. இதுதான் என்றார்.

காப்பகப் பெண்மணி விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டு, அந்த நாய் இந்த வீட்டுக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார். அது பாசமான நாய்தான்; ஆனால் ஆள்மேல் தாவும், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் குழந்தைகள் வந்தால் உறுமும். தடுமாறி நடக்கும் ஒரு வயதானவரும் ஒன்பது வயதுக் குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு அதைக் கொடுக்க மாட்டோம் என்றார்.

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருமே வேண்டாம் என்று விட்ட நாயை எடுக்க வந்திருக்கிறோம். எங்களுக்கே மறுப்பா?" இந்தக் கோபத்தை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். பத்துப் பக்கம் படிவம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, வாடகை வீடென்றால் உரிமையாளரின் கடிதம், பகலில் வீட்டில் யார், இதற்குமுன் வளர்த்த நாய் எப்படி இறந்தது, இரவில் எங்கே படுக்கும், சங்கிலியில் கட்டுவீர்களா. நல்ல எண்ணத்தோடு வந்தவர்களைச் சந்தேகிப்பது போலத்தான் தோன்றும். ஆனால் பெட்ரோல் பங்கில் நின்ற ஆள் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அந்த நாயின் சுபாவம் தெரிந்த ஒருவர், குடும்பத்தின் நிலைமையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டும் பொருந்தாது என்று முன்கூட்டியே சொன்னது பெரிய காரியம். அந்தப் போயர்போல் வீட்டுக்குப் போய் ஆயாவைத் தள்ளி விழவைத்திருந்தால், ஒரு எலும்பும் முறிந்திருக்கும், ஒரு நாயின் உயிரும் போயிருக்கும்.

அன்றைக்கே அவர் காட்டியது மணியை. நான்கு வயதிருக்கும், வெளிர் பழுப்பு நிறம், ஒல்லியான உடம்பு, நீண்ட கால். ஆப்பிரிக்கானிஸ் சாயல் என்று சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களோடு வாழ்ந்துவரும் நாட்டு நாய் வகை அது. வெயில், பட்டினி, நோய் எல்லாவற்றையும் தாண்டி நிலைத்தது. அப்படியிருந்தும் "டவுன்ஷிப் நாய்", அதாவது கறுப்பின மக்களின் குடியிருப்பு நாய், என்று முகம் சுளிக்கிறார்கள், நம் ஆட்களும்தான். அந்தச் சுளிப்பில் நாயைப் பற்றிய விஷயம் கொஞ்சம்தான், மனிதர்களைப் பற்றிய பழைய அழுக்கு அதிகம். எனக்கு அது கேட்கவே பிடிப்பதில்லை.

மணியை முன்பு வைத்திருந்தவர்கள் நாய்க்கு அனுமதியில்லாத அடுக்குமாடிக்கு மாறியபோது கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இரண்டு குழந்தைகளோடு வளர்ந்தது, பூனையைத் துரத்தும், காரில் ஏறினால் வாந்தி எடுக்கும். இதெல்லாம் அட்டையில் எழுதியிருந்தது. கருத்தடை ஆகியிருந்தது, மைக்ரோசிப் இருந்தது, தடுப்பூசிகள் முடிந்திருந்தன, ரேபிஸ் ஊசி உட்பட. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் ரேபிஸ் பல பத்தாண்டுகளாக நாய்களிடையே சுற்றிக்கொண்டிருக்கும் நோய். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. நாய்க்கும் பூனைக்கும் இந்த ஊசி சட்டப்படி கட்டாயம்.

வீட்டைப் பார்த்தது

நான் போனபோது முற்றத்துச் சுவர் நன்றாக இருந்தது. கேட்டின் அடியில் ஒரு பெரிய இடைவெளி, ஒல்லி நாய் ஒன்று தாராளமாக நுழைந்து வெளியேறலாம். கம்பி அடித்து அடைத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அந்த வார இறுதியிலேயே அடைத்துவிட்டார் மகன்.

நாய் இரவில் எங்கே படுக்கும் என்று கேட்டேன். வெளியேதான், காவலுக்குத்தானே என்றார். இதைத்தான் அந்த வீட்டில் அதிக நேரம் பேசினோம். இந்த ஊரில் திருடர்கள் விஷம் தடவிய இறைச்சியைச் சுவருக்கு மேலே வீசுகிறார்கள். ஆல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி அது. தெருவோரத்தில் எலி மருந்து என்று கள்ளத்தனமாக விற்கும் கறுப்புத் துகள். "டூ ஸ்டெப்" என்று பெயர், தின்ற நாய் இரண்டு எட்டு வைப்பதற்குள் விழுந்துவிடும் என்பதால். எச்சில் வழிந்து, உடம்பு நடுங்கி, சில நிமிடங்களில் உயிர் போய்விடும். உடனே மருத்துவரிடம் கொண்டுபோனால் அட்ரோபின் கொடுத்துச் சில நாய்களைக் காப்பாற்றுகிறார்கள். ராத்திரி முழுவதும் முற்றத்தில் தனியாக இருக்கும் நாய், எவ்வளவு பெரிய நாயாக இருந்தாலும், ஒரு துண்டு இறைச்சிக்கு ஈடுகொடுக்காது. வீட்டுக்குள் படுத்து, சத்தம் கேட்டதும் குரைக்கும் நாய்தான் உண்மையில் காவல். திருடனுக்கு வேண்டாதது பல் அல்ல, சத்தம்.

மகன் ஒத்துக்கொண்டார். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "நாய் உள்ள வந்தா சாமி ரூம் என்ன ஆவுறது?"

"வைரவருக்கு வாகனமே நாய்தானேம்மா" என்றார் மகன்.

"வைரவரே கோயில் வாசல்லதான் நிக்கிறாரு" என்றார் ஆயா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை; அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் அவரே வழி சொன்னார். சாமி ரூம் வாசலில் இடுப்பளவு மரக்கதவு போட வேண்டும், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது நாய் பின்பக்கம் இருக்க வேண்டும், சமையலறையில் நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது. நான் மூன்றையும் அறிக்கையில் எழுதிக்கொண்டேன். வீட்டுப் பெரியவரின் நிபந்தனையைத் தள்ளிவிட்டுக் கொடுக்கும் நாய் சீக்கிரம் திரும்பி வரும்.

அதற்கப்புறம்

முதல் சில வாரம் மணி துணி துவைக்கும் தொட்டிக்கு அடியில்தான் இருந்தது. ராத்திரி எல்லாரும் தூங்கியபின் சாப்பிடும். குரைக்கவே இல்லை. குரைக்காத நாயை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று மகன் எனக்குப் போன் செய்தார். காப்பகத்திலிருந்து வரும் நாய்கள் புது இடத்தில் ஆசுவாசப்படச் சில நாள், வீட்டு நடைமுறை பிடிபடச் சில வாரம், இது நம் வீடு என்று நம்பச் சில மாதம் ஆகும் என்று சொன்னேன். விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், சிறுமி தரையில் உட்கார்ந்து பாடம் படிக்கட்டும், நாய் தானாக வரட்டும் என்றும் சொன்னேன். அவள் வாய்ப்பாடு முழுவதையும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பித்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு இரவு யாரோ கேட்டை அசைத்தபோது மணி முதல்முறையாகக் குரைத்தது. வந்தவர் வழி தவறிய யாரோ. ஆனால் பக்கத்து வீட்டு நாயும் எதிர்வீட்டு நாயும் சேர்ந்துகொள்ள, தெருவே விழித்துவிட்டது.

கடினமான நாட்கள் அக்டோபர் கடைசியில் வந்தன. தீபாவளி, அது முடிந்து சில நாட்களில் நவம்பர் 5 அன்று கை ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் கொண்டாட்டத்தின் வெடி. மணிக்கு வெடிச் சத்தம் ஆகாது என்பது காப்பகத்துக்கே தெரிந்திருக்கவில்லை. தெருவில் யாரோ முன்கூட்டியே ஒரு வெடி போட்டபோது தெரியவந்தது. மருத்துவரிடம் முன்னதாகவே போய்ப் பதற்றம் குறைக்கும் மாத்திரை வாங்கினார்கள். ஜன்னல் மூடி, திரை இழுத்து, டிவியைச் சத்தமாக வைத்தார்கள். மைக்ரோசிப் பதிவில் தங்கள் போன் எண் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்தார்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய சொந்தக்காரரின் எண்ணே இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. அந்த வீட்டில் வெடி வேண்டாம், விளக்கும் கம்பி மத்தாப்பும் போதும் என்று முடிவுசெய்தது ஆயா. மணி அவர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆயாவும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

தீபாவளியைக் குறிவைத்து வெளியாட்கள் திட்டும்போது எனக்கு வலிக்கும். புத்தாண்டு இரவுக்கு அதே ஆட்கள் அவ்வளவு பேசுவதில்லை. ஆனாலும் அந்த வாரத்தில் பயந்து ஓடி, காரில் அடிபட்டு எங்களிடம் வரும் நாய்கள் நம் தெருக்களிலிருந்துதான் வருகின்றன. அதைச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கோடையில் மணிக்குப் பிலியரி வந்தது. உண்ணி கடித்து ரத்த அணுக்களைத் தாக்கும் நோய், இந்தக் கடற்கரைப் பக்கம் சாதாரணம். ஈறு வெளுத்து, காய்ச்சல் வந்து, சிறுநீர் காவி நிறமாகப் போனது. மருமகள் ஈறைத் தூக்கிப் பார்த்து அன்றே கொண்டுபோனதால் பிழைத்தது. செலவு வந்தது. தத்தெடுத்த நாய்க்கும் நோய் வரும், பில்லும் வரும். அதை மறைத்து நாய் கொடுக்கும் காப்பகம் சரியான காப்பகம் அல்ல.

என் கருத்து

இதைப் படித்துவிட்டு எல்லா வளர்ப்பாளர்களும் மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயைக் காட்டி, ஷெப்பர்டுக்கு இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எடுத்து வைத்து, எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்காமல், உங்களால் முடியாவிட்டால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லும் வளர்ப்பாளர்களை எனக்குத் தெரியும். அவர்களும் வாங்க வருபவரைக் குடைந்து கேள்வி கேட்பவர்கள்தான். கேள்வியே கேட்காமல், படம் பிடித்துப் போட்ட உடனே நாயைத் தூக்கிக் கொடுக்கும் "மீட்பு" குழுக்களும் இருக்கின்றன. அவர்களிடம் எடுப்பது பெட்ரோல் பங்கில் வாங்குவதை விட எந்த வகையிலும் மேலில்லை.

ஆனாலும் ஒரு வீட்டுக்குக் காவலும் துணையும்தான் தேவை என்றால், நான் முதலில் கை காட்டுவது காப்பகத்து வளர்ந்த நாயைத்தான். குட்டி என்னவாக வளரும் என்பது ஊகம். நான்கு வயது நாய் ஏற்கனவே என்னவாக இருக்கிறதோ அதுதான். கூண்டுக்கு முன்னால் நின்று, அதைத் தினமும் பார்ப்பவரிடம் கேட்கலாம். யார் கொண்டுவந்தாலும் மறுக்காத காப்பகங்களில் இடம் எப்போதும் போதாது. நீண்டநாள் நிற்பவை பெரும்பாலும் மணி மாதிரி, பெரிதும் இல்லாத சிறிதும் இல்லாத பழுப்பு நாய்கள். இடம் தீரும்போது எந்த நாயை ஊசி போட்டுக் கொல்வது என்று முடிவெடுக்கும் ஊழியர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பக்கம் நடக்கும்போது, கார் நிறுத்துமிடத்தில் ஐந்து வாரக் குட்டிகள் கைமாறுவது என்னால் தாங்க முடியாத விஷயம்.

மருமகளின் தம்பி டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறார். மணியைப் பார்த்துவிட்டு அவரும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். வீடு நல்ல வீடு, மனைவிக்கும் சம்மதம், ஆனால் பின்பக்கச் சுவர் பாதிதான் எழும்பியிருக்கிறது. சுவர் முடிந்ததும் கூப்பிடச் சொல்லி, விண்ணப்பத்தை நிறுத்திவைத்திருக்கிறேன்.